எதிரே வந்த கரண்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பல்செட்டின் மேல் ஆணை. பல்செட்டின் மேல் இடும் ஆணை செல்லாது என்பவர்கள், அது இல்லாமல் ஒருநாள் ஆப்பிள் கடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். என் வலது கை நீண்ட விடுப்பில் போயிருக்கிறது. அதனால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கலாம். விஷயம் நேரானது.

நாங்கள் இருப்பது முதியோர் பராமரிப்பு இல்லம். நடந்து வருகிறவர்களைவிடத் தள்ளிக்கொண்டு வரப்படுகிறவர்கள் அதிகம். தரைத்தளத்தில், நடைவழியின் கடைசியில் எங்கள் அறை. முன்பு போர்வை, தலையணை உறையெல்லாம் அடுக்கிவைத்த இடமாம். அதனால் அகலத்தில் கஞ்சத்தனமும் நீளத்தில் தாராளமும் காட்டியிருந்தார்கள். ஒரு கோடியில் கதவு. மறுகோடியில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்.

என் அறைத்தோழர் ஒரு டிரைவர். பேருந்து ஓட்டியவர். இல்லத்தில் எல்லோரும் அவரை டிரைவர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் நானும் ஒரே நாளில், ஒரே ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தோம். அந்த ஆம்புலன்ஸை ஓட்டியவனைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எனக்கும் கிடையாது.

அவர் ஓட்டிய அழகைச் சொல்ல வேண்டும். விளிம்புவரை நிரம்பிய டீயோடு ஒருவர் அவருடைய வண்டியில் ஏறினால், இறங்கும்போதும் விளிம்புவரை நிரம்பிய டீயோடுதான் இறங்குவார். வழியில் குடித்திருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு வளைவில் அத்தனை மிருதுவாகத் திருப்பினார். வண்டி திரும்பியது தெரியாமல் பாதிப் பயணிகள் நேராகவே போய்விட்டார்கள். எதிரே வருகிற வண்டி ஒதுங்கி வழிவிட்டால், உள்ளங்கையால் ஹாரனை லேசாக ஒரு தட்டு தட்டுவார். அதுதான் அவருடைய நன்றி. வாயால் அவர் நன்றி சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் காலை அவருடைய வாயும் வலது கையும் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. பக்கவாதம். வலது கால் மட்டும் அரைச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு கொஞ்சம் கொஞ்சம் வேலைக்கு வந்தது. தொண்டையில் கோளாறு இல்லை, அரைத்த சாப்பாட்டைக் கெட்டியாகக் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் இங்கே அனுப்பினார்கள்.

இங்கே வந்ததும் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அவருக்கு ஊட்டும் வேலை ஒரு பணிப்பெண்ணுக்கு. கரண்டி அக்கா என்று பெயர் வைத்திருந்தோம். ஓங்குதாங்கான உடம்பு; அதைவிடப் பெரிய மனசு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்காருவாள். கிண்ணத்தில் அள்ளுவாள். சிரித்துக்கொண்டே கரண்டியை நேராக வாய்க்குக் கொண்டுவருவாள். டிரைவர் உதட்டை இறுக்கிக்கொள்வார். இன்னும் கிட்டே வந்தால் தலையை இடது பக்கம் வெட்டுவார். கரண்டி காதோரம் கடந்து போகும். ஒருமுறை அப்படிப் போன பூசணிக் கூழ் சுவர்க் கடிகாரத்தில் அப்பி, முட்களோடு உறைந்துவிட்டது. அன்று இல்லத்தில் வெகுநேரம் மதியமாகவே இருந்தது. சூரியன் வெளியே சும்மா நின்றுகொண்டிருந்தது.

"என்மேல என்ன கோவம் ஐயா? நான் என்ன விஷமா குடுக்கறேன்?" என்பாள் அக்கா.

"கோபம் உன்மேல் இல்லை, பூசணி மேல்" என்று நான் சொல்வேன். அவள் காதில் வாங்கமாட்டாள். இந்த இல்லத்தில் என் பேச்சை யாருமே காதில் வாங்குவதில்லை. அதில் ஒரு வசதி இருக்கிறது. தோன்றியதையெல்லாம் தைரியமாகச் சொல்லலாம்.

டிரைவரின் மனைவி தினமும் மாலையில் வருவார். சாப்பாட்டு வேளையில் வெளியாட்கள் கூடாது என்பது இல்லத்து விதி. ஆகவே அவர் வரும்போது கிண்ணமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். கணவரின் சட்டைக் காலரில் உலர்ந்திருக்கும் கூழைச் சுரண்டியபடி, "இன்னைக்கு என்ன சாப்டீங்க, சட்டையா சாப்டுது?" என்று கேட்பார். பிறகு சட்டைக்குள் அவர் உடம்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் தோளைத் தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு வாரமும் சட்டை பெரிதாகிக்கொண்டே போனது.

கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே போனால் வயிற்றில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு செலுத்த வேண்டும். குழாய் போட்டவர்களைப் பின்கட்டுக் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கட்டிலை ஒட்டிக் கட்டில். ஜன்னல் கூரைக்குப் பக்கத்தில். தெரு தெரியாது. மகன் சரி என்றுவிட்டான். மனைவி சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடிவுசெய்யக் கூட்டம் போட்டார்கள்.

பராமரிப்புத் திட்டக் கூட்டம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரையும் எப்படிக் கவனிப்பது என்று அதில்தான் தீர்மானிப்பார்கள். மாடியில், அலுவலக அறையில், நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடத்துவது வழக்கம். யாரைப் பற்றிய கூட்டமோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் இருப்பார்கள். குடும்பத்துக்குப் பிறகு தகவல் போகும். குழாய்க்கு ஒப்புதல் வேண்டியிருந்ததால் இந்தத் தடவை மனைவியையும் மகனையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

அன்று அலுவலகத் தரைக்குப் புதிதாக மெருகு போட்டிருந்தார்கள். போட்டவர், காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாதென்று வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். முகம் தெரியாத அந்த மகராசனுக்கு என் முதல் நன்றி.

பெரிய சிஸ்டர்தான் இல்லத்தின் தலைமைச் செவிலி. அவர் நடைவழியில் நின்று யோசித்தார். "ஏதாவது கதவு மூடற இடமா வேணும். டிரைவர் ஐயா ரூம்லயே பேசிடலாம்."

"அவரு அங்க இருப்பாரே" என்றார் டாக்டர்.

"அவரைப் பத்தித்தானே டாக்டர் பேசப் போறோம்."

டாக்டருக்கு அதில் ஏதோ தவறு இருப்பதாகத் தோன்றியது. என்ன தவறு என்று கண்டுபிடிப்பதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன.

டிரைவரின் சக்கர நாற்காலி வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்து நின்றது. அறையின் அகலத்துக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட முடியாது. எனவே அவருக்குப் பின்னால் இரண்டிரண்டாக, நடுவில் ஒரு ஆள் போகிற வழி விட்டுப் போட்டார்கள். முதல் வரிசையில் பெரிய சிஸ்டரும் கரண்டி அக்காவும். அடுத்த வரிசையில் மனைவியும் மகனும். டாக்டருக்கு இடமில்லை. வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் வழக்கமான இடத்தில் இருந்தேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் டிரைவரின் முதுகு நிமிர்ந்தது. இடது கை மெல்ல மேலே போய், காற்றில் எதையோ தொட்டுக் கொஞ்சம் திருப்பியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

டாக்டர் தொடங்கினார். "எடை இறங்கிக்கிட்டே இருக்கு. இனிமே தள்ளிப்போட முடியாது. குழாய் போட்டுப் பின்கட்டுக்கு மாத்திடலாம்னு நினைக்கிறேன்."

டக் என்று ஒரு சத்தம்.

"போட்டுடுங்க டாக்டர்" என்றான் மகன். "அப்பா பட்டினி கிடந்து போறதை என்னால பாக்க முடியாது."

டக்.

"என்ன சத்தம் அது?" என்றார் பெரிய சிஸ்டர்.

"ஐயாவோட காலு சிஸ்டர்" என்றாள் அக்கா. "நான் ஊட்டும்போதும் இப்படித்தான் உதறும். நரம்பு இழுக்குதுன்னு நெனச்சேன்."

சிஸ்டர் எழுந்து வந்து சக்கர நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு, பாதம் வைக்கும் பலகையைப் பார்த்தார். "குழாய்னு இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

"குழாய்."

டக்.

"இது உதறல் இல்ல. மிதிக்கிறாரு."

மகன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு முகம் மாறியது. "பிரேக்" என்றான். "அது பிரேக் மிதி. சின்ன வயசுல லீவு விட்டா என்ஜின் பெட்டி மேல உக்காந்துக்குவேன். ரோட்டைப் பாக்க மாட்டேன். அந்தக் காலைத்தான் பாத்துக்கிட்டே வருவேன்."

"ரூமுக்குள்ள எதுக்குப் பிரேக்?" என்றார் டாக்டர்.

"நீங்க சொல்றது பிடிக்கல. அதுக்குத்தான்" என்றார் மனைவி.

டாக்டர் நியாயமான மனிதர். எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். படியிலிருந்தபடியே குரலை உயர்த்திக் கேட்டார். "ஐயா, நீங்க டிரைவரா?"

பாதம் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து, பூவின் மேல் வைப்பதுபோல அழுத்தியது. "ஆக்சிலேட்டர்" என்றான் மகன்.

"நான் டிரைவரா?"

டக். கண்ணாடி ஜன்னல் அதிர்கிற மாதிரி.

"நீங்க காரை நிறுத்தற அழகைத் தினமும் இந்த ஜன்னல் வழியாத்தானே பாக்கறாரு" என்றார் மனைவி. டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

கரண்டி அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஐயா, என்மேல கோவமா?"

பிரேக்.

"சாப்பாடு பிடிக்கலையா?"

பாதம் இரண்டுக்கும் நடுவே தயங்கி நின்றது. அந்தப் பூசணிக்கு அதுவே மரியாதை அதிகம் என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப ஏன் ஐயா தலையைத் திருப்பறீங்க?"

அதற்கு ஒரு காலால் பதில் சொல்ல முடியாது. பிறகு அக்கா எழுந்தாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு நெருக்கியடித்து முன்னால் போனாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "பாருங்க சிஸ்டர், இப்படித்தான் பண்றேன்" என்று வெறும் கரண்டியை நேராகக் கொண்டுவந்தாள். முதலில் பிரேக். கரண்டி இன்னும் கிட்டே வர, தலை இடது பக்கம் ஒதுங்கியது.

மகன் சிரிக்கத் தொடங்கினான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அக்கா, நீங்க எதிர்ல வர்றீங்க."

"எதிர்ல உக்காராம முதுகுலயா ஊட்ட முடியும்?"

"இல்லக்கா. எதிர்ல வர்ற வண்டி நீங்க. நேரா வந்தா அப்பா முதல்ல பிரேக் போடுவாரு. அப்பவும் நிக்காம வந்தா இடது பக்கம் ஒதுங்குவாரு. வாழ்க்கை முழுக்க அதைத்தானே பண்ணினாரு."

அக்கா கரண்டியைப் பார்த்தாள். பிறகு தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டாள். "என் உடம்புக்கு லாரின்னே வெச்சுக்கலாம். அப்ப நான் தினமும் ஐயாவை மோதத்தான் வந்திருக்கேனா?"

"அவரு மோதவே இல்லையேம்மா" என்றார் மனைவி. "ஒவ்வொரு தடவையும் உன்னைக் காப்பாத்தியிருக்காரு." பிறகு தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "ஆஸ்பத்திரில கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுதான் குடுத்தேன். ஒழுங்கா சாப்பிட்டாரு. முன்னாடியெல்லாம் கடைசி ஸ்டாப்புல சாப்பாடு கொண்டுபோவேன். சீட்டை விட்டு இறங்க மாட்டாரு. பக்கத்துல ஏறி நின்னு குடுத்துட்டு வருவேன். இங்க என்னை யாரும் கேக்கலையே சிஸ்டர்."

பெரிய சிஸ்டருக்கு அது தைத்தது. மறைக்கவும் இல்லை. "கேட்டிருக்கணும்மா" என்றார். "இப்ப கேக்கறேன். நீங்க ஊட்டறீங்களா?"

மதியம் மிஞ்சிய கிண்ணத்தைச் சூடாக்கி அக்கா கொண்டுவந்தாள். மனைவி ஸ்டூலை இடது பக்கம், கணவரின் தோளுக்குச் சமமாகப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் தெருவைப் பார்த்தபடி இருந்தார்கள். கரண்டி பக்கவாட்டிலிருந்து, அவசரப்படாமல் வந்தது. டிரைவர் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயைத் திறந்தார். டாக்டர் உள்ளே எட்டி அவர் கழுத்தையே பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. அறையில் இருந்த எல்லோரும் கூடவே விழுங்கினோம்.

கிண்ணம் பாதி காலியானது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல விஷயம்தான். ஆனா அரைக் கிண்ணத்துல உடம்பு தேறாது. அடுத்த கூட்டத்துல எடை பாப்போம். ஏறியிருந்தா குழாய் வேண்டாம். இன்னும் இறங்கியிருந்தா போட்டுத்தான் ஆகணும். அப்ப யாரும் மறுத்துப் பேசக் கூடாது."

இந்தத் தடவை கால் அசையவில்லை. சிவப்பு விளக்குக்கு மதிப்புக் கொடுக்கிறவர் அவர்.

சிஸ்டர் அங்கேயே சாப்பாட்டு வேளை விதியைத் தூக்கிக் கடாசினார். மனைவி மதியமும் இரவும் வரலாம். வர முடியாத வேளையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவாள். அறையிலா, எல்லோரோடும் உணவுக் கூடத்திலா என்று டிரைவரையே கேட்டார்கள். கூடம் என்றதும் ஆக்சிலேட்டர் அழுந்தியது. அவருக்கு எப்போதும் கூட்டமான வண்டிதான் பிடிக்கும்.

கூடத்தில் முதல் நாள் எல்லாம் பாழாகிவிட்டது. மனைவி பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் கூடத்தில் மேசைக்கு மேசை ஆட்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரின் கண்ணுக்கு ஊரிலுள்ள வண்டிகள் மொத்தமும் ஒருவழிப் பாதையில் தப்பாக நுழைந்து அவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. சாப்பாடு முடியும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பாதப் பலகையின் ஒரு திருகு கழன்றது.

சிஸ்டர் கூடத்தில் நின்று எல்லோரிடமும் நிலைமையைச் சொன்னார். இஷ்டமில்லாதவர்கள் தாராளமாக மறுக்கலாம் என்றார். எங்களுக்குள் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உண்டு. எதையும் ஒருமுறை மறுத்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார். "அப்ப சாப்பிடும்போது ஒருத்தர் முதுகை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

"உங்க முகத்தைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடறதுக்கு அது எவ்வளவோ தேவலை" என்றார் எங்களோடு இருக்கும் பாட்டு டீச்சர்.

நீதிபதி கூடத்து ஜன்னல்களை எண்ணிப் பார்த்தார். "எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்."

கிடைத்தது. நாற்காலிகளையெல்லாம் ஒரே பக்கம் திருப்பி, இரண்டிரண்டாகப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பெரிய ஜன்னலை ஒட்டி டிரைவர். அவருக்கு இடப்பக்கம் மனைவி. மகன் ஒரு கண்ணாடி வாங்கிவந்து ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையில் மாட்டினான். டிரைவர் இடது கையை நீட்டி அதைத் திருப்பினார். பின்னால் இருப்பவர்கள் தெரிகிற மாதிரி அல்ல. பக்கத்தில் இருந்தவர் முகம் தெரிகிற மாதிரி.

"கல்யாணத்துக்கு முன்னாடியும் இப்படித்தான்" என்றார் மனைவி, பின்னால் திரும்பிப் பாட்டு டீச்சரிடம். "தினமும் அந்த பஸ்லதான் வேலைக்குப் போவேன். கண்ணாடியிலயே பாத்துக்கிட்டு வருவாரு. ஒருநாளும் திரும்பிப் பாக்க மாட்டாரு. என் முகம் நேர்ல எப்படி இருக்கும்னு கல்யாணத்தன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, பிரேக் போட வழியில்ல."

அதன் பிறகு நடந்ததை நம்புகிறவர்கள் நம்பலாம். நான் ஏற்கெனவே ஆணையிட்டுவிட்டேன். டிரைவர் காலை அழுத்தினார். கூடம் கிளம்பியது. முதலில் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரம் மெல்லப் பின்னால் போனது. அடுத்து மதில். அடுத்து கேட். சமையல்காரர் கையில் அகப்பையோடு ஓடிவந்து சமையலறைப் படியில் தொற்றிக்கொண்டார். மருந்துக்கடை வந்தது, ஒரு கரண்டி. தபால் நிலையம் வந்தது, ஒரு கரண்டி. பாலத்தில் ஏறும்போது கிண்ணங்கள் துளிகூடச் சரியவில்லை. சந்தை முனையில் நீதிபதி இறங்கிச் செய்தித்தாள் வாங்கிவிட்டு வந்தார். மற்றவர்களை அவர் காக்கவைத்ததைப் பாட்டு டீச்சர் கண்டித்தார். கிண்ணம் காலியானபோது நாங்கள் பழைய இடத்துக்கே வந்து நின்றிருந்தோம். ஒரு விரற்கடை விலகல் இல்லை.

வாசல் காவலர் நேராகப் பெரிய சிஸ்டரிடம் வந்தார். "கட்டடத்தை எடுத்துட்டுப் போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சிஸ்டர். வெறும் கேட்டை வெச்சுக்கிட்டு நான் எதைக் காவல் காக்கறது?"

இப்படித் தினமும் போனோம். மனைவிக்குக் காய்ச்சல் கண்ட சமயத்தில் கரண்டி அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவர் வாயைத் திறந்ததும் அவள் வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். "தூசி" என்றாள். கூடம் அப்போது சந்தைப் பக்கம் போய்க்கொண்டிருந்ததால் நானும் அதை நம்பினேன்.

எடை பார்க்கும் நாள் வந்தது. அலுவலகத் தரை எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் சிஸ்டர் எங்கள் அறையிலேயே நாற்காலிகளைப் போடச் சொன்னார். அதே வரிசை. டாக்டருக்கும் படியில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டார்.

எடை பார்க்கிற நாற்காலியில் டிரைவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மனைவி மட்டும் ஜன்னலைப் பார்த்து நின்றார். கையில் இருந்த துவாலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பின்கட்டுக் கூடத்துக்கு அந்தத் துவாலையையும் எடுத்துப்போக வேண்டுமா வேண்டாமா என்பது இன்னும் சற்றுநேரத்தில் தெரிந்துவிடும்.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "கையை எடுங்க" என்றார் மகனிடம்.

"சும்மா பிடிச்சுக்கிட்டேன் டாக்டர்."

"கீழ அமுக்கறீங்க."

மகன் கையை எடுத்தான். டாக்டர் மறுபடி குனிந்தார். இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கொஞ்சம்தான்" என்றார். "ஆனா ஏறியிருக்கு."

மனைவி துவாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உண்மையில் ஏறியது ஒரு முழுப் பூசணிக்காயின் எடை. டாக்டர்கள் எதையும் குறைத்துத்தான் சொல்வார்கள்.

டிரைவரை மறுபடி சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சிஸ்டர் ஒவ்வொன்றாக அவரையே கேட்டார். வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். குழாய்? பிரேக். பின்கட்டு? பிரேக், இடது காலையும் சேர்த்து. இந்த அறை? ஆக்சிலேட்டர். எதிரே யாரும் உட்காராமல் இருந்தால் போதுமா? ஆக்சிலேட்டர். சாப்பாட்டு வேளையில் அம்மா வரலாமா? அதற்கு அவர் மிதித்த மிதியில், பூட்டிவைத்திருந்த சக்கர நாற்காலி ஜன்னல் சுவரில் போய் முட்டியது. முட்டிய தடம் இன்னும் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா ஐயா?" என்றார் சிஸ்டர்.

கால் அசையவில்லை. டிரைவர் இடது கையைத் தூக்கினார். சிஸ்டரைப் பார்த்து, உள்ளங்கையால் காற்றில் லேசாக ஒரு தட்டு. பிறகு படியில் நின்ற டாக்டரைப் பார்த்து ஒரு தட்டு. சிஸ்டருக்கும் டாக்டருக்கும் புரியவில்லை. அடுத்து கரண்டி அக்காவுக்கு ஒரு தட்டு.

"ஹாரன்" என்றான் மகன். "வழிவிட்டவங்களுக்கு அப்பா தர்ற ஹாரன்."

அவனுக்கும் ஒரு தட்டு. கடைசியாக மனைவி. அவருக்குக் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. அத்தனை நீளமான ஹாரன். தெருவில் போன கார் ஒன்று ஒதுங்கி நின்றது.

"போதும், ஊருக்கே கேக்குது" என்றார் மனைவி.

இப்போதெல்லாம் இந்த இல்லத்தில் யாருடைய திட்டக் கூட்டமும் சம்பந்தப்பட்டவர் இல்லாமல் நடப்பதில்லை. நீதிபதியின் கூட்டத்தில் அவரே தலைமை வகித்து, தன் கோரிக்கைகளைத் தானே ஒருமுறை நிராகரித்துவிட்டுப் பிறகு அனுமதித்தார். பாட்டு டீச்சரின் மகள் வந்து, அம்மாவைக் குளிக்க அழைக்கும்போது பாடிக்கொண்டே அழைத்தால் வருவார் என்று சொன்னாள். இப்போது அக்கா பாடுகிறாள். அவளுக்குச் சுருதி சேராததால் டீச்சர் அதைத் திருத்திக்கொண்டே குளியலறைக்குப் போய்விடுகிறார்.

எனக்கு மட்டும் அன்று யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. வாய் பேசாத மனிதருக்காக நாலு பேரிடம் நன்றியை விவரமாகச் சொல்லவேண்டியது அறைத்தோழனின் கடமை. அதைத்தான் இந்த இடது கையால் செய்திருக்கிறேன். மெருகு போட்டவருக்கும், மண்டியிட்டுப் பார்த்த சிஸ்டருக்கும், படியில் நின்ற டாக்டருக்கும், லாரியாக வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்ட அக்காவுக்கும், காலைப் பார்த்து வளர்ந்த பையனுக்கும், கண்ணாடியில் தெரிகிற அந்த முகத்துக்கும் நன்றி.

எங்கள் அறையில் இருப்பது ஒரே ஒரு கட்டில். அதில் படுக்கிறவரும் ஒரே ஒருவர்தான்.